யார் இந்த ஜிம்மி ஹோஃபா? 4 லட்சம் லாரி டிரைவர்களை ஒரே ஒப்பந்தத்தில் சேர்த்தவர்... அந்த ஒப்பந்தத்துக்கு அப்புறம் என்ன ஆச்சு?

நெட்ஃபிளிக்ஸில் வந்த 'தி ஐரிஷ்மேன்' படம் பார்த்தவர்களுக்கு ஜிம்மி ஹோஃபாவைத் தெரிந்திருக்கும். அல் பசினோ நடித்த அந்தக் கோபக்கார தொழிற்சங்கத் தலைவர்தான் அவர். 1975-ல் காணாமல் போனார். உடல் இன்று வரை கிடைக்கவில்லை. அவரைப் பற்றி இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் இந்த மர்மம்தான்.

ஆனால் அமெரிக்காவின் லாரி டிரைவர்களைக் கேட்டால் அவர்களுக்கு வேறு ஒரு கேள்வி இருக்கிறது. ஹோஃபா காலத்தில் லாரி ஓட்டியே வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, பென்ஷனோடு ஓய்வு பெற முடிந்தது. அந்த வாழ்க்கை எங்கே போனது? அதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் ஹோஃபாவின் வாழ்க்கையோடு சேர்த்து மூன்று, நான்கு சட்டங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுரங்கத் தொழிலாளியின் மகன்

ஜேம்ஸ் ரிடில் ஹோஃபா பிறந்தது 1913 பிப்ரவரி 14. ஊரின் பெயர் பிரேசில். நாடு இல்லை, அமெரிக்காவின் இந்தியானா மாகாணத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊர். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஹோஃபாவுக்கு 7 வயது இருக்கும்போது அவர் இறந்துவிட்டார். அம்மா துணி துவைத்து, வீட்டு வேலை செய்து நான்கு பிள்ளைகளை வளர்த்தார். 1924-ல் குடும்பம் டெட்ராய்ட் நகரத்துக்கு வந்தது. கார் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர், ஏதாவது வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை.

14 வயதில் ஹோஃபா பள்ளிக்கூடத்தை விட்டார். சில வருடங்கள் கடையில் எடுபிடி வேலை. பிறகு குரோகர் என்ற மளிகை நிறுவனத்தின் குடோனில் லோடு இறக்கும் வேலை. ஒரு மணி நேரத்துக்கு 32 சென்ட் கூலி.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். 12 மணி நேரம் குடோனில் இருக்க வேண்டும். ஆனால் சரக்கு வந்து, இறக்கும் நேரத்துக்கு மட்டும்தான் காசு. லாரி வராமல் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு ஒரு பைசா கிடையாது. காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா, இல்லையா என்ற இந்தக் கேள்வி இந்தக் கதையில் திரும்பவும் வரும்.

ஸ்ட்ராபெரி ஸ்டிரைக்

1931. உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம். வேலையில்லாமல் லட்சக்கணக்கானவர்கள் தெருவில் நின்றார்கள். ஸ்டிரைக் செய்தால் அடுத்த நிமிடமே வேறு ஆள் வந்துவிடுவார். அப்படிப்பட்ட காலத்தில் குரோகர் தொழிலாளர்கள் ஒரு நேரம் பார்த்தார்கள்.

ஸ்ட்ராபெரி பழங்கள் லோடு வந்து நின்றது. சில மணி நேரத்தில் குளிர்பதனத்தில் வைக்காவிட்டால் அவ்வளவும் அழுகிவிடும். ஹோஃபாவும் கூட்டாளிகளும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். புது ஆள் தேடிப் பிடிக்க நிர்வாகத்துக்கு நேரம் இல்லை. பேச்சுவார்த்தைக்கு வந்தது. சில நாட்களில் ஒரு வருட ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்போது ஹோஃபாவுக்கு வயது 18.

சரக்கு நகராமல் நின்றால் முதலாளிக்கு எவ்வளவு வலிக்கும் என்பதுதான் அவர் அன்று கற்ற பாடம். அடுத்த 30 வருடம் அதை வைத்துத்தான் அரசியல் செய்தார்.

குரோகர் வேலையை விட்டபிறகு, டெட்ராய்டில் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் 299-வது கிளையில் முழுநேர ஊழியரானார். 1903-ல் தொடங்கிய சங்கம் அது. டீம்ஸ்டர் என்றால் குதிரை பூட்டிய வண்டி ஓட்டுபவர். குதிரை போய் லாரி வந்தபிறகும் பெயர் மாறவில்லை. 1936-ல், சலவைத் தொழிலாளர் போராட்டத்தில் சந்தித்த ஜோசபின் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரு மகள், ஒரு மகன்.

லாரியே சங்கத்தைச் சுமந்து போகும்!

1930-கள் வரை டீம்ஸ்டர்ஸ் உள்ளூர் டெலிவரி டிரைவர்களின் சங்கமாகத்தான் இருந்தது. ஊர் விட்டு ஊர் போகும் டிரைவர்களை அவர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதை மாற்றியவர் மினியாபோலிஸ் நகரத்தின் ஃபாரல் டாப்ஸ். 1934-ல் அந்த நகரத்தில் நடந்த பெரிய லாரி ஸ்டிரைக்கின் தலைவர்களில் ஒருவர். கம்யூனிச இயக்கத்தின் டிராட்ஸ்கி பிரிவைச் சேர்ந்தவர்.

அவருடைய கணக்கு எளிமையானது. நெடுந்தூர லாரி எங்கே போனாலும் ஏதோ ஒரு லாரி ஆபீஸில் சரக்கை இறக்கித்தான் ஆக வேண்டும். ஒரு ஊரில் இருக்கும் ஆபீஸ் சங்கத்தின் கையில் இருந்தால் போதும். சங்கம் இல்லாத ஊரிலிருந்து வரும் லாரியின் சரக்கைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிடலாம். அந்த கம்பெனியும் வேறு வழியில்லாமல் சங்கத்தோடு ஒப்பந்தம் போடும். இப்படியே ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு லாரியே சங்கத்தைச் சுமந்து போகும்.

ஹோஃபா இந்த வித்தையை டாப்ஸிடம்தான் கற்றார். ஆனால் 1941-ல் சங்கத் தலைமை டாப்ஸின் கிளையை ஒடுக்கியபோது, ஹோஃபா ஆட்களோடு மினியாபோலிஸுக்குப் போய் தலைமையின் பக்கம் நின்றார். குருவின் அரசியல் வேண்டாம், குருவின் உத்தி மட்டும் போதும் என்பதுதான் அவர் கணக்கு.

சங்கத்துக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு பலம்?

இங்கேதான் முதல் சட்டம் வருகிறது. 1935-ல் அமெரிக்கா மோட்டார் கேரியர் சட்டத்தைக் கொண்டுவந்தது. மாகாணம் விட்டு மாகாணம் லாரி ஓட்ட மத்திய அரசு ஆணையத்தின் பெர்மிட் வேண்டும். எந்த ரூட்டில் போகலாம், என்ன சரக்கு ஏற்றலாம் என்பதெல்லாம் பெர்மிட்டில் இருக்கும். புதிதாக ஒருவர் தொழிலுக்குள் வருவது ரொம்பக் கஷ்டம். விவசாயப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு.

வாடகையும் அப்படித்தான். கம்பெனிகள் கூட்டாகச் சேர்ந்து வாடகை நிர்ணயித்தன. 1948-ல் வந்த இன்னொரு சட்டம் இதற்கு முழுப் பாதுகாப்பும் கொடுத்தது.

இதில் டிரைவருக்கு என்ன லாபம்? போட்டிக்கு யாரும் வர முடியாது. எல்லோருக்கும் ஒரே வாடகை. எனவே சங்கம் கூலி உயர்வு கேட்டால், கம்பெனி கொடுத்துவிட்டு, அந்தச் செலவை வாடகையில் ஏற்றிவிடலாம். குறைந்த கூலிக்கு ஆள் வைத்து, குறைந்த வாடகைக்கு ஓட்டிச் சந்தையைப் பிடிக்கும் கம்பெனியைப் பற்றிய பயம் இல்லை. ஹோஃபாவின் பலத்துக்குப் பின்னால் இந்த பெர்மிட் முறை இருந்தது.

அதே நேரத்தில் டிரைவருக்கு எதிரான ஒரு சட்டமும் இருந்தது. 1938-ல் வந்த நியாயமான தொழிலாளர் தரச் சட்டப்படி வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் ஒன்றரை மடங்கு கூலி. ஆனால் மாகாணம் தாண்டி ஓடும் லாரி டிரைவர்களுக்கு அது கிடையாது என்று அதே சட்டத்தில் விலக்கு எழுதப்பட்டது. அதாவது, சட்டம் கொடுக்காத பாதுகாப்பை டிரைவர்கள் சங்க ஒப்பந்தத்தில்தான் வாங்க வேண்டியிருந்தது.

கென்னடியோடு மோதல்

1952-ல் ஹோஃபா டீம்ஸ்டர்ஸ் துணைத் தலைவர். 1957 அக்டோபரில் தலைவர். இந்த இடைவெளியில் அவர் கை கோத்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள் கிடையாது. முதலாளிகள் அடியாட்களை இறக்கினால் பதிலுக்கு நாங்களும் இறக்குவோம் என்று தொடங்கிய மாஃபியா தொடர்பு, பின்னால் சங்கத்தின் பணப்பெட்டி வரை வந்தது.

1957-ல் அமெரிக்க செனட் கமிட்டி ஒன்று தொழிற்சங்க ஊழல்களை விசாரித்தது. கமிட்டியின் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடி. அதிபர் கென்னடியின் தம்பி. டிவியில் ஒளிபரப்பான அந்த விசாரணையில் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். அந்தப் பகை கடைசி வரை தீரவில்லை. அதே வருடம் டிசம்பரில் அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு, ஊழலைக் காரணம் காட்டி டீம்ஸ்டர்ஸை வெளியேற்றியது.

சட்டங்களும் இறுகின. 1947-ன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம், வேறொரு கம்பெனியின் தகராறுக்காகச் சரக்கை மறிக்கக் கூடாது என்று ஏற்கெனவே தடை போட்டிருந்தது. சங்கம் ஒரு சந்து கண்டுபிடித்தது. தகராறு உள்ள கம்பெனியின் சரக்கை எங்கள் ஆட்கள் தொட வேண்டியதில்லை என்று முதலாளியையே ஒப்பந்தத்தில் எழுத வைத்தது. 1959-ன் லாண்ட்ரம்-கிரிஃபின் சட்டம் அந்தச் சந்தையும் அடைத்தது. லாரி சங்கத்தைச் சுமந்து போகும் வித்தைக்கு விழுந்த பெரிய அடி அது. அதே சட்டம் சங்கக் கணக்கு வழக்கை வெளியிடவும், உள்கட்சித் தேர்தலை ஒழுங்காக நடத்தவும் கட்டாயப்படுத்தியது. உறுப்பினர்களுக்கு அது நல்லது என்பதையும் மறுக்க முடியாது.

1964: ஒரே வருடத்தில் சிகரமும் சரிவும்

1964 ஜனவரியில் ஹோஃபாவின் வாழ்நாள் கனவு நிறைவேறியது. தேசிய சரக்கு ஒப்பந்தம். நாடு முழுக்க 4 லட்சத்துக்கும் மேற்பட்ட டிரைவர்கள், லோடு தொழிலாளர்கள் ஒரே ஒப்பந்தத்தின் கீழ் வந்தார்கள். கூலி குறைவாக இருந்த தென் மாகாணங்களின் டிரைவரும், சிகாகோ டிரைவரும் ஒரே நிலைக்கு நெருங்கினார்கள். மருத்துவச் செலவு, பென்ஷன் எல்லாம் சேர்ந்தது. லோடுக்காகக் காத்திருக்கும் நேரம், வழியில் வண்டி நின்றுபோகும் நேரம் எல்லாவற்றுக்கும் கூலி உண்டு.

ஆனால் அடுத்த இரண்டே மாதத்தில், ஜூரிகளை விலைக்கு வாங்க முயன்ற வழக்கில் அவருக்கு 8 ஆண்டு சிறை. அப்போது அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரல் யார் தெரியுமா? அதே ராபர்ட் கென்னடி. ஹோஃபாவைப் பிடிப்பதற்கென்றே தனிக் குழு வைத்திருந்தார். ஜூலையில் இன்னொரு வழக்கு. தொழிலாளர்களின் பென்ஷன் நிதியிலிருந்து கடன் கொடுத்ததில் மோசடி. அதற்கு 5 ஆண்டு. மொத்தம் 13 ஆண்டு.

அந்த பென்ஷன் நிதி 1955-ல் ஹோஃபாவின் முயற்சியில் உருவானது. சென்ட்ரல் ஸ்டேட்ஸ் நிதி என்று பெயர். லாஸ் வேகாஸின் பல சூதாட்ட விடுதிகள் எழுந்தது இந்தப் பணத்தில்தான். டிரைவருக்கு ஓய்வூதியம் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், அந்தப் பணத்தை மாஃபியாவின் கண்ணில் காட்டியவரும் அவர்தான். ஹோஃபாவை எடைபோட நினைப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஜெயில், விடுதலை, மாயம்

1967 மார்ச்சில் பென்சில்வேனியாவின் லூயிஸ்பர்க் சிறைக்குப் போனார். 1971 டிசம்பர் 23-ல் அதிபர் நிக்சன் தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார். ஆனால் ஒரு நிபந்தனை. 1980 மார்ச் வரை சங்க நிர்வாகத்தில் தலையிடக் கூடாது. அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போனார். தோற்றார். அவர் இடத்தில் உட்கார வைத்துவிட்டுப் போன ஃபிராங்க் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் நாற்காலியை விடத் தயாராக இல்லை. புதிய தலைவரோடு சுலபமாகப் போய்க்கொண்டிருந்த மாஃபியாவுக்கும் ஹோஃபா திரும்பி வருவதில் விருப்பம் இல்லை.

1975 ஜூலை 30 மதியம். டெட்ராய்ட் புறநகரில் ஒரு ரெஸ்டாரன்ட் வாசலில் மாஃபியா தொடர்புள்ள இருவரைச் சந்திக்கக் காத்திருந்தார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. வயது 62. ஏழு வருடம் கழித்து, 1982-ல் சட்டப்படி இறந்தவராக அறிவிக்கப்பட்டார்.

1980: பெர்மிட் போனது, பிடிமானமும் போனது

1970-களில் விலைவாசி எகிறியது. பெர்மிட் முறையால் சரக்கு வாடகை தேவையில்லாமல் அதிகமாக இருக்கிறது, அதைக் கடைசியில் கொடுப்பது சாதாரண மக்கள்தான் என்ற வாதம் வலுத்தது. அதில் உண்மையும் இருந்தது. சரக்கோடு போன லாரி, பெர்மிட் இல்லாததால் காலியாகவே திரும்பி வர வேண்டிய நிலையெல்லாம் உண்டு.

கட்டுப்பாட்டை நீக்க வேண்டும் என்று செனட்டில் முன்னால் நின்றவர் எட்வர்ட் கென்னடி. ஆமாம், ராபர்ட் கென்னடியின் தம்பி. 1980 ஜூலை 1-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் புதிய மோட்டார் கேரியர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஹோஃபா உயிரோடு இருந்திருந்தால், சங்கத்துக்குத் திரும்ப அவருக்கு இருந்த தடை அதற்கு நான்கு மாதம் முன்புதான் முடிந்திருக்கும்.

சங்கத் தலைமை இதை எப்படி எதிர்த்தது? 1981-ல் தலைவரான ராய் வில்லியம்ஸ், இந்தச் சட்டத்தைத் தடுக்க செனட்டர் ஒருவருக்கு லஞ்சம் கொடுக்கச் சதி செய்ததாக 1982-ல் குற்றவாளி ஆனார். அந்த செனட்டர் மீது வழக்கு இல்லை. நாடு முழுக்க மக்களிடம் நியாயம் கேட்க வேண்டிய நேரத்தில், ஊழல் பெயர்தான் சங்கத்துக்கு மிஞ்சியது.

டிரைவர்களுக்கு என்ன ஆனது?

* 10 வருடத்தில் லைசென்ஸ் பெற்ற லாரி கம்பெனிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் கூடி 40,000-ஐத் தாண்டியது. புதிதாக வந்தவற்றில் பெரும்பாலானவற்றில் சங்கம் இல்லை.

* சரக்கு வாடகை குறைந்தது. கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் லாபம். ஆனால் கூலி உயர்வை வாடகையில் ஏற்றும் வழி அடைபட்டது. 1982 ஒப்பந்தத்தில் சங்கமே கூலி உயர்வை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

* சங்க டிரைவருக்கும் சங்கம் இல்லாத டிரைவருக்கும் இடையே சுமார் 50 சதவீதமாக இருந்த கூலி வித்தியாசம், சில வருடங்களிலேயே 30 சதவீதத்துக்குக் கீழே வந்ததாகப் பொருளாதார ஆய்வாளர் நான்சி ரோஸ் கணக்கிட்டார்.

* பழைய பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. 1986-ல் மெக்லீன். 2002-ல் கன்சாலிடேட்டட் ஃபிரெய்ட்வேஸ், அதுவும் அமெரிக்கத் தொழிலாளர் தினத்தன்று. 15,000-க்கும் மேற்பட்டவர்களின் வேலை ஒரே நாளில் போனது.

முழு லோடு ஏற்றி ஒரே இடத்தில் இறக்கும் தொழிலில் மாற்றம் சீக்கிரம் நடந்தது. அதற்கு ஆபீஸ், குடோன் எதுவும் தேவையில்லை. ஒரு லாரி இருந்தால் போதும். சரக்கு கைமாறும் இடமே இல்லையென்றால், மறிப்பதற்கும் இடம் இல்லை. சில்லறைச் சரக்குகளைச் சேர்த்து அனுப்பும் கம்பெனிகளுக்கு ஊர் ஊராக ஆபீஸ் தேவை என்பதால் அங்கே மட்டும் சங்கம் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது.

சங்கம் இல்லாத நெடுந்தூர டிரைவருக்குப் பெரும்பாலும் மைல் கணக்கில்தான் சம்பளம். லோடு ஏற்ற வரிசையில் நிற்கும் நேரத்துக்குப் பல இடங்களில் காசு இல்லை. 1931-ல் டெட்ராய்ட் குடோனில் இருந்த அதே பிரச்சினை திரும்ப வந்தது. ஓவர்டைம் சட்டமும் அவர்களைக் காப்பாற்றவில்லை, 1938-ன் விலக்கு இன்னும் இருக்கிறது. பெரிய கம்பெனிகளில் ஒரே வருடத்தில் 90 சதவீதம் வரை டிரைவர்கள் மாறும் நிலை வந்தது.

டிரைவர் தொழிலாளியா, முதலாளியா?

பல கம்பெனிகள் இன்னொரு வழியையும் பிடித்தன. டிரைவரையே லாரி வாங்க வைப்பது. வண்டி டியூ, டீசல், இன்சூரன்ஸ் எல்லாம் டிரைவர் தலையில். சட்டப்படி அவர் தனி ஒப்பந்ததாரர். 1947-ன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் இப்படிப்பட்டவர்களைத் தொழிலாளர் என்ற வரையறையிலிருந்தே எடுத்துவிட்டது. எனவே சங்கம் அமைத்துப் பேரம் பேச அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. அவர்கள் கூட்டாக வாடகை பேசினால், வியாபாரிகள் சேர்ந்து விலை நிர்ணயித்ததாகக் குற்றமாகும் ஆபத்தும் உண்டு.

அந்த பென்ஷன் நிதி என்ன ஆச்சு?

1982-க்குப் பிறகு நிதி, நீதிமன்றக் கண்காணிப்பில் வந்தது. திருட்டு நின்றது. ஆனால் பணம் கட்டும் கம்பெனிகள் மூடிக்கொண்டே போக, வாங்கும் முதியவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு கிட்டத்தட்ட 36 பில்லியன் டாலர் கொடுத்துக் காப்பாற்றியது. இல்லையென்றால் 3.5 லட்சம் பேரின் பென்ஷன் சுமார் 60 சதவீதம் வெட்டப்பட்டிருக்கும்.

சங்கமும் மாறியது. 1989-ல் அரசோடு செய்த உடன்படிக்கைப்படி, தலைவரை உறுப்பினர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. அந்த முறையில் 1998-ல் தலைவரானவர்களில் ஒருவர் ஹோஃபாவின் மகன் ஜேம்ஸ் பி. ஹோஃபா. 2022 வரை பதவியில் இருந்தார்.

இப்போது நிலைமை?

2023 ஜூலை 30-ல், நூறு வயதை நெருங்கிய எல்லோ என்ற பெரிய லாரி கம்பெனி இயக்கத்தை நிறுத்தியது. சங்க உறுப்பினர்கள் மட்டும் சுமார் 22,000 பேர் வேலை இழந்தார்கள். தற்செயல்தான், ஹோஃபா காணாமல் போன அதே தேதி. கடன் சுமைக்கு நிர்வாகமே காரணம் என்றது சங்கம். சங்கம் ஒத்துழைக்கவில்லை என்றது நிர்வாகம். எப்படியோ, ஹோஃபாவின் தேசிய சரக்கு ஒப்பந்தத்தில் மிச்சமிருந்ததில் பெரும்பகுதி அன்றோடு போனது.

அதே மாதம் யுபிஎஸ் பார்சல் நிறுவனத்தில் 3.4 லட்சம் பேருக்கு நல்ல கூலி உயர்வோடு டீம்ஸ்டர்ஸ் ஒப்பந்தம் பேசி முடித்தது. பார்சல் தொழிலுக்கு ஊர் ஊராகக் குடோன் வேண்டும், நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அன்று ஸ்ட்ராபெரி லோடில் இருந்த அதே பலம் அங்கே இன்னும் இருக்கிறது.

மற்ற இடங்களில் சண்டை இப்போது கோர்ட்டில் நடக்கிறது. கலிபோர்னியா 2019-ல் போட்ட சட்டம், சொந்த லாரி ஓட்டுபவர்களில் பலரைத் தொழிலாளர்களாகவே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. லாரி உரிமையாளர்கள் தொடுத்த வழக்கை 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்துவிட்டது. சொந்த லாரி டிரைவர்களிலேயே ஒரு பகுதியினர் இந்தச் சட்டம் வேண்டாம் என்று துறைமுகத்தை மறித்துப் போராடினார்கள். யாருக்கும் கட்டுப்படாமல் ஓட்டும் சுதந்திரம் போய்விடும் என்பது அவர்கள் கவலை. தொழிலாளி என்ற பெயர் கிடைத்தால்தான் சங்கம், ஒப்பந்தம், காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி எல்லாவற்றையும் கேட்கவே முடியும் என்பது இன்னொரு தரப்பின் பதில்.